மகுடத்துக்கு மறுநாள்

சிங்கப்பூர் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குள் பாரதக் கதையே குடியிருக்கிறது. மாரியம்மனுக்கு அடுத்தபடி அங்கே சிறப்புப் பெற்றது திரௌபதி அம்மன் சன்னதி. அவளுக்குப் பக்கத்தில் தருமர், பீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன், கூடவே கண்ணன். அரவானுக்கும் அந்தக் கோயிலில் இடம் உண்டு. அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அந்த இளவரசனுக்கு உடல் கிடையாது. மீசையும் விரிந்த கண்களுமாகத் தலை மட்டும். பாரதப் போர் தொடங்குமுன் களப்பலியாகத் தன்னைக் கொடுத்தவன் அவன். முடி சூடியவரும் அந்த முடிக்கு விலையாகிப் போனவனும் ஒரே வளாகத்துக்குள் பூசை பெறுகிறார்கள்.

1819-இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை, 1827-இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுப்பிய கோயில் இது. இப்போதுள்ள கட்டடத்தின் மிகப் பழைய செங்கல் பகுதி 1843-ஐச் சேர்ந்தது. 1973-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பக்கத்து பகோடா ஸ்ட்ரீட்டும் டெம்பிள் ஸ்ட்ரீட்டும் இந்தக் கோயிலால் பெயர் பெற்றவை. தொடக்க காலத்தில் இங்கே கும்பிட்டவர்களில் பலர் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்கள். திரௌபதி அம்மனுக்கு ஊருக்கு ஊர் கோயில் இருக்கும் கரை அது. பாரதம் படிப்பதும் தீமிதிப்பதும் அவர்களோடு கப்பலேறி வந்தன. இன்றும் தீபாவளிக்கு முன்னதாக, ஐப்பசியை ஒட்டி, பக்தர்கள் தேக்கா பக்கம் சிராங்கூன் ரோட்டு ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்து சைனாடவுன் வந்து பூக்குழி இறங்குகிறார்கள்.

இந்தக் கோயிலின் பாரதத்தை முன்னால் வைத்துக்கொண்டு தமிழ் இலக்கியத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. ஆட்சிக்கு வரத் தயங்கிய இளவரசர்கள் நம் எழுத்தில் நிறைய உண்டு. வயது போதாதவன், வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தவன், வென்ற பிறகு மனம் ஒடிந்தவன் என்று பல வகை. ஆனால் அவர்களைப் பற்றிய பெருங்கதைகள் பெரும்பாலும் முடிசூட்டு மேடையிலோ அதற்கு ஒரு படி முன்னாலோ நின்றுவிடுகின்றன. மகுடத்துக்கு மறுநாள் அவன் என்ன செய்தான், யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்று கேட்பவை குறைவு. அந்தக் குறைவான நூல்களே அரசனாவது என்றால் என்ன என்பதை நமக்குச் சொல்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

இளமை என்ற குற்றச்சாட்டு

சங்கப் பாடல்களில் இளவரசனின் தயக்கம் அவன் மனத்துக்குள் இல்லை. ஊராருக்கும் பகைவருக்கும்தான் அவன்மேல் ஐயம். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் சின்ன வயதில் அரியணை ஏறியவன். சேரன், சோழன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என ஏழு பேர் சேர்ந்து அவன்மேல் படையெடுத்தார்கள். சிறுபிள்ளைதானே என்பது அவர்கள் கணக்கு. அவனே பாடியதாக வரும் புறநானூற்று 72-ஆம் பாட்டு ஒரு வஞ்சினம். அவர்களை வெல்லாவிட்டால் தனக்கு நேர வேண்டியவையாக மூன்றைச் சொல்கிறான்: என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று பழிக்கட்டும்; மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும்; கேட்டு வந்தவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை என்னை வந்து சேரட்டும்.

இந்த மூன்றிலும் உயிர் போவது பற்றிய பேச்சே இல்லை. குடிமக்களின் சொல், புலவரின் சொல், கொடுக்கும் கை ஆகிய மூன்றும் போனால் அரசு போயிற்று என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆள்வதன் பொருளை அவன் இழப்பின் கணக்கில் கற்றிருக்கிறான்.

அதே போரைப் பாடிய இடைக்குன்றூர் கிழார், களத்துக்கு வந்தவனைக் கிட்ட நின்று பார்க்கிறார். கால் கிண்கிணியைக் கழற்றிய இடத்தில் வீரக் கழல் ஏறியிருக்கிறது. தலையில் வேம்பின் தளிர். கையில் வில். ஆனால் கழுத்தில் பிள்ளைகளுக்குக் கட்டும் தாலி இன்னும் கழற்றப்படவில்லை; பால் குடி மறந்து சோறு உண்டதே இன்றைக்குத்தான். புலவர் இதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். கவனிக்க வேண்டியது அதற்குப் பின் வருவது. எதிர்த்து வந்தவர்களைக் கண்டு அவன் வியக்கவும் இல்லை, இகழவும் இல்லை. கொன்ற பிறகு மகிழவும் இல்லை, தருக்கவும் இல்லை. பையனின் வெற்றியைக் காட்டிலும் வெற்றிக்கு இருபுறமும் இருந்த அவன் அமைதிதான் கிழாருக்கு ஆச்சரியம்.

கதை இங்கே முடிந்திருந்தால் வழக்கமான வீரப் பாட்டாகவே இருந்திருக்கும். ஆனால் தன் வஞ்சினத்தில் இவன் பேர் சொன்ன அதே மாங்குடி மருதன் பின்னாளில் இவனுக்கு மதுரைக்காஞ்சி பாடினார். 782 அடி, பத்துப்பாட்டில் மிக நீளமானது. நிலையாமையைச் சொல்வது காஞ்சித் திணை. வென்று வென்று பழகிவிட்ட அரசனிடம், உனக்கு முன்னால் ஆண்டவர்கள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் எண்ணிப்பார் என்று, மதுரையின் பகலையும் இரவையும் காட்டிக்கொண்டே புலவர் சொல்கிறார். பாடாது போகட்டும் என்று பையன் எந்தப் புலவரின் வாயை அஞ்சினானோ அந்த வாயே அவனுக்குப் பிறகு பாடம் சொன்னது. புறம் 72, 77, மதுரைக்காஞ்சி மூன்றையும் ஒருவனின் வாழ்க்கையாகச் சேர்த்துப் படித்தால், மகுடத்துக்கு முன்னும் பின்னும் தொடரும் அரசக் கதை ஒன்று சங்க இலக்கியத்திலேயே கிடைக்கிறது. திணை வாரியாகவும் தொகை வாரியாகவும் பிரித்தே பயிற்றும் நம் வகுப்பறைகளில் இந்தத் தொடர்ச்சி அடிபட்டுப் போகிறது.

கரிகாலனுக்கும் இதே சிக்கல். சிறையிலிருந்து தப்பி வந்து தாயம் பெற்றவன் என்று பட்டினப்பாலை பாடுகிறது. வழக்கோடு வந்த முதியவர்கள் இவன் சிறுவனாயிற்றே என்று தயங்க, நரைமுடி வைத்து முதியவனாக வந்து நீதி சொன்னான் என்பது பழமொழி நானூறு தரும் கதை. இளைஞன் வளர்ந்து அரசனாவதற்குக் காத்திருக்க வழக்குக்கு நேரமில்லை. அதனால் அவன் வேடம் போடுகிறான். ஆட்சியில் நடிப்புக்கும் பங்குண்டு என்று தெரிந்தவன் சொன்ன கதை இது. இதே கரிகாலனிடம் வெண்ணிக் குயத்தியார் வேறொரு பாடம் நடத்தினார். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டு, அந்த நாணம் தாங்காமல் வடக்கிருந்த சேரனைக் குறித்து, வென்ற உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா என்று வென்றவனின் முகத்துக்கு நேரே கேட்டார். ஒரு குயத்தி கேட்க, சோழன் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டு அழியாமல் நமக்கு வந்து சேர்ந்திருப்பதே அவன் அரசனானதற்கு ஒரு சான்று.

துறந்தவர்களின் புகழ்

அரியணை வேண்டாம் என்றவர்களைத் தமிழ் மனம் கொண்டாடும் அளவுக்கு ஆண்டவர்களைக் கொண்டாடுவதில்லை. இளையவனுக்கே அரசு என்று நிமித்திகன் சொல்ல, அண்ணன் செங்குட்டுவன் வருந்துமுன் துறவு பூண்டு குணவாயில் கோட்டத்தில் அமர்ந்ததாக இளங்கோவடிகள் பற்றிச் சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை சொல்கிறது. வரலாற்றாய்வாளர் பலர் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் காப்பியத்தின் முதல் தகுதியாக இந்தத் துறவையே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

கம்பனில் இரண்டு பேர். முடி உனக்கு என்று தசரதன் சொன்னபோது இராமன் அதை விரும்பவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. கடமை என்று ஏற்றான். இடைக்குன்றூர் கிழார் பாண்டியச் சிறுவனிடம் கண்ட அதே சமநிலை. பரதனோ தாய் வாங்கித் தந்த அரசை உதறிவிட்டு, பாதுகையை வைத்து நந்திக்கிராமத்தில் 14 ஆண்டுகள் இருந்தான். ஆண்டதும் அவன்தான், ஆளாதவனும் அவன்தான். அந்த 14 ஆண்டில் கோசலத்தில் வரி எப்படி வாங்கப்பட்டது, வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதில் காவியத்துக்கு அக்கறை இல்லை. கம்பனின் நூல் இராமன் முடிசூடி, வந்தவர்க்கெல்லாம் விடை கொடுப்பதோடு நிறைவுறுகிறது. ஊர்ச்சொல்லுக்காக மனைவியைக் காட்டுக்கு அனுப்பிய அரசனின் மிகக் கடுமையான முடிவு, ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்கும் உத்தரகாண்டத்துக்குப் போய்விட்டது. கம்பனைப் படித்தவர்களில் அதையும் படித்தவர்கள் கொஞ்சம் பேரே. 1943-இல் புதுமைப்பித்தன் எழுதிய சாபவிமோசனம் முடிசூட்டுக்குப் பிந்தைய அயோத்திக்குள் துணிந்து நுழைந்தது. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்று கேள்விப்பட்ட அகலிகை அதில் மீண்டும் கல்லாகிறாள். அரசன் செய்த முடிவின் சுமை அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெண்ணின்மேல் விழுகிறது.

சோழர் வரலாற்றில் இதே வடிவம் திரும்ப வருகிறது. அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட பிறகு, பின்னாளில் இராசராசனான அருள்மொழிவர்மனை மக்கள் அழைத்தார்கள். சிற்றப்பன் உத்தமசோழனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை அதைத் தான் மனத்தாலும் விரும்பவில்லை என்று அவன் விலகினான். இது திருவாலங்காட்டுச் செப்பேட்டின் கூற்று. அந்தச் செப்பேட்டை வெளியிட்டது அவன் மகன் இராசேந்திரன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். மறுபக்கம், இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. அண்ணனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களும் அவர்களின் உறவினர் நிலங்களும் பறிக்கப்பட்டதை அது பதிகிறது. உத்தமசோழனின் ஆட்சி முடிந்து 985-இல் அரியணை ஏறியவன், அடுத்த ஆண்டுகளிலேயே இந்த ஆணையைப் பிறப்பித்திருக்கிறான். உத்தமசோழன்மேல் நீலகண்ட சாஸ்திரி ஐயப்பட்டார். பின்வந்தவர்கள் அதை மறுத்தார்கள். அந்த வழக்கு முடியட்டும், முடியாமல் போகட்டும். விட்டுக்கொடுத்த இளைஞனும் குற்றவாளிகளின் சுற்றத்தார் நிலத்தையும் சேர்த்துப் பறித்த அரசனும் ஒரே ஆள் என்பது நம் இலக்கியத்துக்கு ஒரு சவால்.

கல்கி அந்தச் சவாலின் முதல் பாதியைத்தான் எடுத்தார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனின் ஐந்தாம் பாகத்துக்குத் தியாக சிகரம் என்று பேர். அருள்மொழி மகுடத்தை உத்தமசோழன் தலையில் வைப்பதே அந்தச் சிகரம். வந்தியத்தேவனும் பழுவேட்டரையர்களும் நந்தினியும் நிறைந்த அந்த நாவலில், ஆள்வது எப்படி என்று அருள்மொழி கற்கும் இடங்கள் நன்றாகவே இருக்கின்றன. இலங்கையில் போரும் கருணையும் ஒன்றோடொன்று மோதும் அத்தியாயங்கள் முக்கியமானவை. ஆனால் உடையார்குடி ஆணையில் அவன் கையெழுத்து விழும் நாளுக்கு நாவல் போகவில்லை. 2022, 2023-இல் திரைக்கு வந்தபோதும் அதே இடத்தில்தான் திரை விழுந்தது. அந்தத் திரை விழுந்த இடத்தை நம் வாசகர்கள் மூன்று தலைமுறையாக இராசராசனின் முழுக்கதை என்று எண்ணி வந்திருக்கிறார்கள்.

கொற்கையிலிருந்து வந்தவன்

மறுநாளை எழுதத் துணிந்தவர்களில் முதல்வர் துறவியான இளங்கோவே என்பது வியப்பு. தவறான தீர்ப்பு தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் விட்ட பாண்டியனை எல்லோருக்கும் தெரியும். அவனுக்குப் பின் கொற்கையிலிருந்து வந்து பொறுப்பேற்ற வெற்றிவேற் செழியனை அவ்வளவு பேருக்குத் தெரியாது. மழை பொய்த்து, நோயும் பஞ்சமும் வாட்டிய நாட்டை அவன் கையில் எடுத்தான். கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான். மழை வந்தது.

ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்யை விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றது முன்னவன் குற்றம். அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக, விசாரணையே இல்லாமல் ஆயிரம் பேரைக் கொன்றது பின்னவன் செய்கை. முன்னதற்காக ஓர் அரசன் இறந்தான். பின்னதற்காக யாரும் வாய் திறக்கவில்லை. காப்பியம் இதை ஒரு செய்தியாகச் சொல்லிக் கடந்து போகிறது. உரைகாரர்களும் பெரும்பாலும் பத்தினி வழிபாட்டின் சிறப்பாகவே இதைப் பார்த்தார்கள். ஆனால் அந்த வரிகளை இன்று நிறுத்திப் படிப்பவனுக்குப் புதிதாக வந்த அரசனின் இக்கட்டு தெரிகிறது. ஊர் எரிந்திருக்கிறது, வானம் பொய்த்திருக்கிறது, மக்கள் யாரையாவது கை காட்டச் சொல்கிறார்கள். அவன் கை காட்டியது எதிர்த்துப் பேச முடியாத தொழிலாளர் கூட்டத்தை. நீதிக்காகக் கண்ணீர் விட்ட காப்பியத்திலேயே இந்த அநீதியும் பதிவாகியிருப்பது சிலப்பதிகாரத்தைக் குறைக்கவில்லை. அரசியலை அறிந்த நூல் அது என்பதைத்தான் காட்டுகிறது.

தருமரின் சிக்கல்

திரும்பவும் தருமருக்கு வருவோம். தயங்கும் அரசர்களில் அவருக்கு நிகர் யாருமில்லை. இளவரசுப் பட்டம் பெற்றவர், இந்திரப்பிரத்தம் ஆண்டவர், சூதில் எல்லாவற்றையும் வைத்துத் தோற்றவர், போரில் வென்றவர். பாரதி பாஞ்சாலி சபதத்தில் அவரை விடவில்லை. காக்க வேண்டியவனே காவல் பொருளை விற்றுவிட்டான் என்ற சினம் அந்தக் காவியத்தின் நடு நரம்பு. முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகு 1924-இல். நாடு அரசனின் சொத்து இல்லை என்ற எண்ணத்தைப் பழைய கதைக்குள் வைத்துப் பேசியதுதான் அதன் புதுமை. ஆனால் சபதம் முடிந்ததும் பாரதியும் நிறுத்திவிடுகிறார்.

சாந்தி பருவத்தில்தான் தருமரின் உண்மையான தயக்கம் வருகிறது. போர் முடிந்து நீர்க்கடன் செய்யும் வேளையில், கர்ணன் தன் மூத்த மகன் என்று குந்தி சொல்கிறாள். வென்ற அரசு வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறார் தருமர். தம்பியர் நால்வரும் திரௌபதியும் அவரோடு வழக்காடுகிறார்கள். இத்தனை பேரைக் கொன்று பெற்றதை உதறுவது செத்தவர்களுக்குச் செய்யும் இரண்டாம் துரோகம் என்பதே அந்த வாதங்களின் சாரம். இறுதியில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் அரசநீதி கேட்க அனுப்புகிறார்கள். உலக இலக்கியத்தில் ஆட்சிக்கு வருபவனின் மனச்சான்று இவ்வளவு நீளமாக விசாரிக்கப்பட்ட இடம் வேறு உண்டா என்பது சந்தேகம். ஷேக்ஸ்பியரின் இளவரசன் ஹென்றி முடிசூடிய கையோடு பழைய தோழன் ஃபால்ஸ்டாஃபைத் தெருவில் வைத்துத் தள்ளிவிடுகிறான். அங்கே அரசனாவதன் விலை ஒரு நட்பு. இங்கே விலை ஒரு தலைமுறை.

தமிழில் ஊர் ஊராகப் படிக்கப்படும் வில்லிபாரதம் சௌப்திக பருவத்தோடு, அதாவது 10 பருவங்களில், நின்றுவிடுகிறது. அழுகையும் வழக்கும் பட்டாபிஷேகமும் வில்லிபுத்தூராரிடம் இல்லை. அவற்றைத் தமிழ்ச் செய்யுளில் படிக்க 18-ஆம் நூற்றாண்டின் நல்லாப்பிள்ளை பாரதத்துக்குப் போக வேண்டும். ஏடு நின்ற இடத்தில் விழா நிற்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பதினெட்டாம் போர் நடக்கும், படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழுவான், அம்மன் கூந்தல் முடிப்பாள், பக்தர்கள் நெருப்பில் நடப்பார்கள்; அதற்கும் பிறகு தருமர் பட்டாபிஷேகம். செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்ட்பெய்ட்டல் 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள் இந்த மரபைப் பற்றிய முதன்மையான ஆய்வு. அவற்றுக்கு நிகராகத் தமிழில் இன்னும் ஒரு நூல் எழுதப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

விழாவின் இந்த வரிசை முக்கியமானது. முடிசூட்டு நெருப்புக்குப் பின்னால் வருகிறது. அதற்கும் வெகு முன்னால் அரவான் களப்பலி. வடமொழிப் பாரதத்தில் அரவான் போரின் எட்டாம் நாள் போரிட்டுச் சாகிறான். போருக்கு முன்பே அவனைப் பலியாக்கியது தமிழ் மரபு. 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இது இருக்கிறது. குறையற்ற உடல் இலக்கணம் கொண்டவர் மூவர்: கண்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவர் இல்லாமல் போர் நடக்காது. ஆகவே மூன்றாமவன். இந்தத் தேர்வின் தர்க்கம் எந்த அமைச்சரவைக்கும் பழக்கமானதுதான்: யார் இல்லாமல் காரியம் நடக்குமோ அவரை விட்டுக்கொடுப்பது. அரவான், அபிமன்யு, இரவில் கொல்லப்பட்ட திரௌபதியின் ஐந்து பிள்ளைகள் என்று வாரிசுகள் ஒவ்வொருவராகப் போன பின், அஸ்தினாபுரத்து அரியணைக்கு மிஞ்சியது உத்தரையின் வயிற்றில் இருந்த ஒரு கரு. தயங்கிய பெரியப்பனுக்கு முடி கிடைக்க, ஆள வேண்டிய பிள்ளைகள் அனைவரும் செலவாகியிருந்தார்கள்.

சைனாடவுன் கோயிலில் அரவானின் தலையும் தருமரின் உருவமும் சேர்ந்து இருப்பதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். அங்கே எந்தப் புலவரும் அமர்ந்து தத்துவம் எழுதவில்லை. கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள், கதையில் யாரையெல்லாம் விட்டுவிடக் கூடாது என்று தெரிந்தவர்கள், எல்லோருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் இந்த மறுநாளைப் பெரிய அளவில் எழுதியவர் ஜெயமோகன். 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக வந்த வெண்முரசு போரோடு முடியவில்லை. நீர்ச்சுடர் இறந்தவர்களுக்கான நீர்க்கடனை எழுதுகிறது. களிற்றியானை நிரை அழிந்த அஸ்தினபுரி திரும்ப எழுவதைச் சொல்கிறது: தானியம், சந்தை, குடியேற்றம், புது மக்கள். துக்கத்தில் இருக்கும் அரசனைச் சுற்றி நிர்வாகம் தன்பாட்டில் தொடங்கிவிடுவதை அந்த நாவலில் பார்க்கலாம். சமஸ்கிருதச் சாயலும் நீளமும் பற்றிய விமரிசனங்கள் இருக்கட்டும். வில்லி நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் தமிழ் உரைநடை இதில் நடந்து போகிறது.

தெமாசெக்கும் கண்டியும்

சிங்கப்பூரின் சொந்த அரசக் கதை மலாய் மொழியில் உள்ளது. செஜாரா மெலாயு இந்தத் தீவின் மன்னர் குலத்தின் முன்னோர்களில் கலிங்க நாட்டுப் பேரரசர்களைச் சேர்க்கிறது. அதில் வரும் இராஜா சூலன் என்ற பெயரில் சோழரின் நினைவு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுவார்கள். அந்த நூல் மகுடத்தோடு நிற்பதில்லை என்பது நமக்கு முக்கியம். தெமாசெக்கில் சிங்கத்தைக் கண்டு சிங்கப்பூரை நிறுவிய ஸ்ரீ திரி புவனா, அதற்கு முன்பே பலெம்பாங்கின் டெமாங் லெபார் டாவுனோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறான். குடிகள் அரசனுக்குத் துரோகம் செய்யக் கூடாது. அரசன் குடிகளை அவமானப்படுத்தக் கூடாது.

பின்னால் வரும் இரண்டு கதைகள் அந்த ஒப்பந்தத்தின் சோதனை. கடற்கரையைக் கூர்மூக்கு மீன்கள் தாக்கி மக்களைக் கொல்கின்றன. ஆட்களை வேலி போல நிறுத்திய அரசனின் உத்தரவால் சாவு கூடியது. வாழைத்தண்டை நட்டால் மீனின் மூக்கு அதில் சிக்கும் என்று ஒரு சிறுவன் சொன்னான், ஊர் பிழைத்தது. இப்போதே இவ்வளவு அறிவென்றால் வளர்ந்தால் என்ன ஆகும் என்று அவையோர் ஓத, அரசன் அந்தச் சிறுவனைக் கொல்லச் சொன்னான். புக்கிட் மேராவின் மண் சிவந்தது அந்த இரத்தத்தால் என்பது ஊர் வழக்கு. சைனாடவுனிலிருந்து அது தொலைவில்லை. இன்னொரு கதையில், கடைசி அரசன் தன் அதிகாரி ஒருவனின் மகளை ஊரறிய அவமானப்படுத்த, அந்தத் தகப்பன் மஜாபாஹித் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். ஒப்பந்தத்தை மீறிய அரசன் நாட்டை இழந்தான். பாண்டியச் சிறுவனின் வஞ்சினத்துக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் உள்ள உறவை ஒப்பிட்டுத் தமிழில் யாராவது எழுதினால் சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்துக்கு ஒரு புதுவழி திறக்கும்.

நவீன சிங்கப்பூரின் தொடக்கத்திலும் ஒரு வாரிசுத் தகராறு உண்டு. ஜொகூர் சுல்தான் மஹ்மூது இறந்தபோது மூத்த மகன் ஹுசேன் ஊரில் இல்லை, இளையவரைச் சுல்தானாக்கிவிட்டார்கள். 1819 பிப்ரவரி 6 அன்று ராஃபிள்ஸ் ஹுசேனைச் சுல்தானாக ஏற்று, ஆண்டுக்கு 5,000 டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டார். நாராயண பிள்ளையும் அதே ஆண்டு வந்து இறங்கியவர்தான். ஹுசேன் 1835-இல் மறைந்தபோது மகன் அலிக்கு வயது பத்து அளவில்தான். பட்டத்தை ஏற்கச் செய்ய அலி இருபது ஆண்டுகள் அலைந்தார். 1855-இல் பட்டம் கிடைத்தது. அதற்கு ஈடாக, மூவார் பகுதியைத் தவிர ஜொகூர் முழுவதும் தெமெங்கோங் இப்ராகிமுக்குப் போயிற்று. வட்டித் தொழில் செய்த ஒரு செட்டியாரிடம் கடன்பட்டு, அந்த மூவாரையும் ஈடுகாட்டும் நிலைக்கு அலி வந்தார். இங்கே தயங்கியது இளவரசன் அல்ல, அரசுதான். ஆள நாடில்லாதவனுக்குக் கடினமான முடிவுகளும் இல்லை. அவற்றைக் கவர்னரும் கடன்காரரும் எடுத்தார்கள்.

கண்டியில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1798-இல் அதிகாரம் படைத்த பிலிமத்தலாவை, தன் கைக்கு அடங்குவான் என்று நினைத்துப் பதினெட்டு வயது நாயக்க மரபு இளைஞன் கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அரியணையில் ஏற்றினார். பொம்மையாக இருக்க மறுத்த இளைஞன், ஏற்றி வைத்தவரையே பிறகு கொன்றான். எதிர்ப்பு கூடக் கூடச் சந்தேகம் கூடியது. 1814-இல், எதிர்த்துக் கிளம்பிய அதிகாரி எஹெலப்பொலையின் குடும்பத்துக்கு மரண தண்டனை. அஞ்சி நின்ற அண்ணனுக்கு முன்னால் தானே வந்து கழுத்தை நீட்டியதாகச் சொல்லப்படும் மத்தும பண்டார என்ற அந்தக் குடும்பத்துச் சிறுவன் இன்றும் சிங்கள நினைவில் வீரன். 1815-இல் கண்டி பிரிட்டிஷார் வசமானது. வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்ட அரசன் 1832-இல் அங்கேயே இறந்தான். அவனை அரக்கனாகக் காட்டியதில் பிரிட்டிஷாருக்கு ஆதாயம் இருந்தது என்பது உண்மை. அந்தச் சிறுவனின் சாவு அதனால் இல்லாததாகிவிடாது. இருபுறமும் பார்த்து எழுதப்பட்ட ஒரு தமிழ் நாவல் இந்த மனிதனுக்கு இன்னும் தேவைப்படுகிறது.

எழுதப்படாத பக்கம்

இவ்வளவையும் ஒரு வரிசையில் வைத்தால் ஒன்று விளங்கும். புக்கிட் மேராவில் ஒரு சிறுவன், கண்டியில் ஒரு சிறுவன், குருக்ஷேத்திரத்தில் அரவானும் அபிமன்யுவும். அரியணைக்கு வரும் இளைஞனின் கதையில் விலை கொடுப்பவன் பெரும்பாலும் அவனைவிட இளையவனாகவே இருக்கிறான். கம்பனும் வில்லியும் கல்கியும் தத்தம் நூலை நிறுத்திய இடங்களுக்கு இலக்கியக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அந்த இடங்கள் நம் பார்வையையும் நிறுத்திவிட்டன. தயங்கியவன் நல்லவன், விட்டுக்கொடுத்தவன் உயர்ந்தவன் என்ற அளவுகோல் அரசியல் மேடைவரை வந்துவிட்டது. பதவி வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலே கைதட்டுகிறோம். பதவியில் அமர்ந்த பிறகு அவர் யாருடைய நிலத்தைப் பறித்தார், யாரைக் கை காட்டினார் என்று அதே ஆர்வத்தோடு கேட்பதில்லை.

ஆய்வாளர்களுக்கு உடனடியாக மூன்று வேலைகள் காத்திருக்கின்றன. கடலூர், விழுப்புரம், சிங்கப்பூர்க் கோயில்களில் நடக்கும் தருமர் பட்டாபிஷேகச் சடங்குகளையும் கூத்துப் பிரதிகளையும் ஒருசேரப் பதிவு செய்து பதிப்பிக்க வேண்டும். தீமிதியைப் படமெடுக்கிற கூட்டம் அதற்குப் பின்வரும் சடங்குக்கு இருப்பதில்லை. நல்லாப்பிள்ளை பாரதத்தின் பிற்பகுதியை வில்லிக்குப் பின்னொட்டாகப் பார்க்காமல், அரசியல் நூலாகத் தனியே படிக்க வேண்டும். செஜாரா மெலாயுவைத் தமிழ் வாசகர் புறநானூற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்படி ஒரு நல்ல தமிழாக்கமும் ஒப்பாய்வும் வர வேண்டும்.

எழுத்தாளர்களுக்கு வேலை இன்னும் எளிது, இன்னும் கடினம். விட்டுக்கொடுத்த அருள்மொழியைக் கல்கி முழுமையாகத் தந்துவிட்டார். அவனை இனி யாரும் திரும்ப எழுத வேண்டியதில்லை. உடையார்குடியில் நிலம் பறிபோன ஒரு குடும்பத்தின் வாசலில் நின்று இராசராசனைப் பார்க்கும் நாவலே இனி வேண்டும்.